பண்டிகை தரும் நாய்க்குட்டியும் பண்டிகை கேட்கும் ஆட்டுக்கிடாவும்

குழந்தை, பிராணி, திருநாள் ஆகிய மூன்றும் கூடும் திரைப்படங்களைப் பற்றிய சொற்பொழிவு

ஆங்கிலத் திரையுலகில் கிறிஸ்துமஸ் குடும்பப் படம் என்றொரு தனி வகை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. டிசம்பர் மாதத்தில் ஒரு வீட்டிலுள்ள பாட்டியும் பேரனும் நடுவிலிருப்போரும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே ஆக்கப்படும் இப்படங்களில், பிரிந்த உறவு கூடுவதும் கல்நெஞ்சர் இளகுவதும் தொலைந்தது கிடைப்பதும் 25ஆம் நாள் விடிவதற்குள் நடந்தாக வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அவ்வகைக்குள் குழந்தையையும் நாயையும் நடுவே நிறுத்தும் கிளை ஒன்று தழைத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளியான 'எ டாக் நேம்டு கிறிஸ்துமஸ்' அதற்குத் தக்க சான்று. ஆதரவற்ற நாய்களைப் பேணும் காப்பகம் ஒன்று, பண்டிகை நாள்களுக்கு மட்டுமேனும் ஒரு நாயை வீட்டுக்கு அழைத்துச் செல்லுமாறு ஊராரைக் கேட்க, குழந்தை மனம் கொண்ட இளைஞன் ஒருவன் தந்தையின் தயக்கத்தையும் மீறி ஒரு நாயைக் கொண்டுவருகிறான். பண்டிகை முடிந்தபின் நாயைத் திருப்பி அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்பதே கதை. விடை என்ன என்பது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது என்பதை இவ்வகையின் குறையாகச் சொல்வார் உண்டு. தெரிந்த விடைக்காகவே மக்கள் ஆண்டுதோறும் இவற்றைப் பார்க்கிறார்கள் என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

இத்தகைய படம் தமிழில் இல்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கருத்து. கிறிஸ்துமஸையும் நாயையும் மட்டும் தேடினால் அது சரியே. ஆனால் திருநாள், குழந்தை, பிராணி, பணமுடை என்ற நான்கு கூறுகளும் கூடிய படங்களைத் தேடினால் தமிழில் அவை உண்டு. மேலைநாட்டுப் படங்களுக்கு நேர் எதிரான திசையில் அவை நடக்கின்றன. அங்கே பண்டிகை குழந்தைக்குப் பிராணியைக் கொடுக்கிறது. இங்கே பண்டிகை குழந்தையிடமிருந்து பிராணியைக் கேட்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதையும், இதனிடையே நாய் எங்கே போயிற்று என்பதையும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

குழந்தையும் நாயும் திரையில் சேர்ந்தது திரைப்படக் கலையின் பிள்ளைப் பருவத்திலேயே நிகழ்ந்துவிட்டது. 1905ஆம் ஆண்டு இங்கிலாந்தில் செசில் ஹெப்வொர்த் தயாரித்த 'ரெஸ்கியூட் பை ரோவர்' என்னும் படம் ஏழு நிமிடத்துக்கும் குறைவானது. பிச்சைக்காரி ஒருத்தி தூக்கிச் சென்ற கைக்குழந்தையை, வீட்டு நாய் மோப்பம் பிடித்துத் தேடிக் கண்டு, எசமானரை அழைத்துச் சென்று மீட்பதே அதன் கதை. கதையை எழுதித் தாயாக நடித்தவர் ஹெப்வொர்த்தின் மனைவி, தந்தையாக நடித்தவர் ஹெப்வொர்த்தே, குழந்தை அவர்களுடைய மகள், நாயும் அவர்கள் வீட்டு நாய். படச்சுருளின் படிகள் விற்ற வேகத்தில் மூலச்சுருள் தேய்ந்துபோக, அதே படத்தை மொத்தம் மூன்று முறை எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு வீட்டாரே தங்கள் குழந்தையையும் நாயையும் வைத்து எடுத்துக்கொண்ட இந்தப் படத்திலிருந்து, நாய் வீட்டின் உறுப்பினர் என்ற எண்ணம் திரையில் வேரூன்றியது எனலாம்.

நாயையும் கிறிஸ்துமஸையும் முடிச்சுப் போட்டதில் அச்சிதழ்களுக்குப் பங்குண்டு. எரிக் நைட் எழுதிய 'லேசி கம் ஹோம்' சிறுகதையாக முதலில் வெளிவந்தது 1938 டிசம்பர் 17 அன்று, 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' என்னும் அமெரிக்க வார இதழில். அதாவது பண்டிகைக்குச் சரியாக எட்டு நாள் முன்பு. 1940இல் நாவலாகவும் 1943இல் எம்.ஜி.எம். நிறுவனத்தின் வண்ணப்படமாகவும் அது விரிந்தது. இன்று லேசி என்றால் செல்வச் சீமையின் செல்லநாய் என்ற எண்ணமே பலருக்கும் உண்டு; கதையோ இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் வேலையிழந்த ஒரு தொழிலாளியின் குடும்பத்தைப் பற்றியது. அடுப்பெரிய வழியில்லாத நிலையில் மகனின் நாயைத் தந்தை ஒரு பிரபுவுக்கு விற்றுவிட, நாய் ஸ்காட்லாந்திலிருந்து நடந்தே வீடு திரும்புகிறது. விற்றவன் நேர்மையானவன், வாங்கியவனும் கொடியவன் அல்லன், ஆயினும் ஏழைக் குழந்தையின் நாய் செல்வர் வீட்டுக்குப் போய்விடுகிறது என்பதில்தான் இக்கதையின் வலிமை முழுவதும் அடங்கியிருக்கிறது. 

1955இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'லேடி அண்ட் த டிராம்ப்' இந்தப் பணமுடையை அடியோடு துடைத்தெறிந்தது. தொப்பிப் பெட்டிக்குள் ரிப்பன் கட்டிய நாய்க்குட்டியைக் கணவன் மனைவிக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுப்பதில் தொடங்கி, மற்றொரு கிறிஸ்துமஸில் முடிகிறது அந்தச் சித்திரப்படம். அதன்பின் பரிசுப்பெட்டிக்குள்ளிருந்து நாய்க்குட்டி எட்டிப்பார்ப்பது பண்டிகையின் முத்திரைக் காட்சியாகவே ஆகிவிட்டது. இதன் விளைவு திரைக்கு வெளியே கசப்பானது. டிசம்பரில் பரிசாக வாங்கிய குட்டிகளை மக்கள் பிறகு தெருவில் விடத் தொடங்கியதால், பிரிட்டனின் நாய்ப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று, நாய் ஆயுள் முழுவதற்குமானது, கிறிஸ்துமஸுக்கு மட்டுமானதல்ல என்னும் கருத்தை 1978இல் முழக்கமாக்கிப் பரப்ப வேண்டி வந்தது. முன்பு குறிப்பிட்ட 2009ஆம் ஆண்டுப் படத்தின் கேள்வியும் இதுவே.

சமய நூலில் இந்த இணைப்புக்கு ஆதாரம் தேடுவது வீண்வேலை. லூக்கா நற்செய்தியின் பிறப்புக் கதையில் இடையர்கள் இருக்கிறார்கள், தீவனத் தொட்டி இருக்கிறது, நாய் இல்லை. குடிலில் வைக்கும் எருதும் கழுதையும்கூட நற்செய்தியில் வருவன அல்ல; பிற்கால மரபு சேர்த்தவை, 1223இல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் அசிசியின் பிரான்சிசு அமைத்த குடிலால் புகழ்பெற்றவை. கத்தோலிக்க விவிலியத்திலுள்ள தோபித்து நூலில் மட்டும் நெடும்பயணம் புறப்படும் இளைஞனோடு ஒரு நாய் போகிறது. இந்திய மரபிலோ தருமனோடு இமயம் ஏறிய நாய் சொர்க்கத்தின் வாசலில் தடுக்கப்படுகிறது. நாய் உள்ளே வரலாமா, வாசலோடு நிற்க வேண்டுமா என்பது பழைய வழக்கு.

தமிழகத்தில் பண்டிகைப் படம் என்றால் பண்டிகையன்று வெளியாகும் படம் என்றே பொருள். அதன் கதை பண்டிகையைப் பற்றியதாக இருப்பது அரிது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெரிய நடிகர்களின் படங்கள் வருகின்றன. அரையாண்டுத் தேர்வு விடுமுறையை ஒட்டிக் கிறிஸ்துமஸ் வாரத்திலும் படங்கள் வருகின்றன. அவற்றுள் நட்சத்திர விளக்கும் கேரல் பாட்டும் ஒரு காட்சியின் அலங்காரமாக வந்துபோவதோடு சரி. பிராணிகளின் படங்களோ வேறொரு மரபில் வளர்ந்தன. 1956இல் தொடங்கிய தேவர் பிலிம்ஸ் நிறுவனத்தின் சாண்டோ சின்னப்பா தேவர், 1967இல் 'தெய்வச் செயல்', அதை ஒட்டி இந்தியில் 1971இல் 'ஹாத்தி மேரே சாத்தி', மறு ஆண்டில் தமிழில் 'நல்ல நேரம்', 1977இல் 'ஆட்டுக்கார அலமேலு' என்று யானையையும் ஆட்டையும் நாயகர்களாக்கினார். இப்படங்களில் பிராணி நன்றியின் உருவம்; வில்லனைத் துரத்தும், சாட்சி சொல்லும், தேவைப்பட்டால் உயிரையும் கொடுக்கும். திருநாளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

திருநாளும் குழந்தையும் பிராணியும் சேர்ந்த படங்கள் 2014 முதல் வந்தன. ஏ.எல். விஜய் இயக்கிய 'சைவம்' செட்டிநாட்டுக் கோட்டையூரில் நடக்கிறது. ஊர்த் திருவிழாவுக்குக் கூடிய பெருங்குடும்பத்தில் அடுத்தடுத்துத் தடங்கல்கள் வர, குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட சேவலைப் பலியிடாததே காரணம் என்று பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள், சேவலைக் காணோம், பேத்திதான் அதை ஒளித்து வைத்திருக்கிறாள். நாசர் தாத்தாவாகவும் சாரா பேத்தியாகவும் நடித்த இப்படத்தின் பாடல் ஒன்றுக்காக நா. முத்துக்குமாரும் சிறுமி உத்தரா உன்னிகிருஷ்ணனும் தேசிய விருது பெற்றனர். 2019இல் வெளியான ஜெகதீசன் சுபுவின் 'பக்ரீத்', குர்பானிக்கென வாங்கிவரப்பட்ட தாய் ஒட்டகத்தோடு வந்துவிட்ட கன்றை ஓர் உழவன் வீட்டுக்குக் கொண்டுவருவதையும், அவன் மகள் அதனோடு ஒட்டிக்கொள்வதையும், தமிழக மண்ணில் அதற்குத் தீனியும் சூழலும் பொருந்தாததால் அதை இராஜஸ்தானில் விட அவன் புறப்படுவதையும் சொல்கிறது. பண்டிகையின் பெயரையே தலைப்பாகக் கொண்டும், எந்தச் சமயத்தார் மீதும் பழி சுமத்தாமல் கதையை நகர்த்தியது அப்படத்தின் பெருந்தன்மை.

இம்மூன்றில் தலையாயது ரா. வெங்கட் இயக்கிய 'கிடா'. 2022இல் கோவா பன்னாட்டுத் திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமா பிரிவில் திரையிடப்பட்டு, 2023 நவம்பர் 11 அன்று, தீபாவளியை ஒட்டித் திரையரங்குக்கு வந்தது. தாய் தந்தையற்ற பேரன் கடையில் கண்ட சட்டையைத் தீபாவளிக்குக் கேட்கிறான், தாத்தாவிடம் பணமில்லை, பேரன் வளர்க்கும் கிடாவை விற்றால்தான் சட்டை வரும். தெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாவைப் பாவம் என்று ஒருவரும் வாங்க மறுக்கிறார்கள். சொந்தமாகக் கறிக்கடை போட்டுத் தலைநிமிர நினைக்கும் கடைத் தொழிலாளி ஒருவர்தான் வாங்க ஒப்புகிறார். அதற்குள் கிடா திருடு போகிறது. தாத்தாவாக நடித்த பூ ராமு, படம் வெளியாவதைக் காணாமலே 2022இல் மறைந்தார். பேரன் மீதுள்ள அன்புதான் பேரனின் கிடாவைக் கொல்லக் கொடுக்கத் தாத்தாவைத் தூண்டுகிறது என்னும் முரணை இவ்வளவு அமைதியாகச் சொன்ன பண்டிகைப் படம் பிறமொழிகளிலும் எளிதில் கிடைக்காது. லேசியை விற்ற யார்க்ஷயர்த் தந்தையின் உண்மையான உறவினர் இந்த மதுரைப் பக்கத்துத் தாத்தாவே. பரிசுப்பெட்டி நாய்க்குட்டி அந்த உறவில் சேராது.

வேறுபாட்டின் காரணம் இங்கே தெளிவாகிறது. பரிசு வாங்கும் குடும்பத்தில் பண்டிகை என்பது பண்டம் உள்ளே வரும் நாள். கூலியை நம்பிய குடும்பத்தில் பண்டிகை என்பது வீட்டிலிருப்பது வெளியே போகும் நாள். ஆடும் கோழியும் ஏழை வீட்டின் சேமிப்பு. நெருக்கடி வந்தால் முதலில் அதுவே விற்பனைக்குப் போகும். தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு இதை விளக்கத் தேவையில்லை. போனஸ் பற்றிய சட்டம் குறைந்த அளவாக 8.33 விழுக்காடும் உச்ச அளவாக 20 விழுக்காடும் வகுத்திருக்க, இரண்டுக்கும் இடையே எத்தனை விழுக்காடு என்பது தீபாவளிக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் தோட்டங்களில் எழும் கேள்வி. வீட்டுப் பிள்ளையின் சட்டை அந்த எண்ணில் தொங்குகிறது.

நாயின் நிலை இதிலிருந்து வேறானது. நாயைப் பலியிடுவதில்லை, சந்தையில் விற்று விலை காண்பதும் அரிது. ஆகவே பண்டிகை நாயைக் கேட்பதில்லை, கொடுப்பதுமில்லை. தமிழ்த் திருநாள் படத்தில் நாய்க்கு இடமில்லாமற்போனதன் பொருளாதாரக் காரணம் இதுவே. எம். மணிகண்டனின் 'காக்கா முட்டை' (2015) இதை நகைச்சுவையாகவே காட்டிவிட்டது: பீட்சா வாங்கக் காசு சேர்க்கும் குடிசைப்பகுதிச் சிறுவர் இருவர், பணக்காரச் சிறுவன் வீட்டு நாயின் விலையைக் கேட்டு மலைத்து, தங்கள் தெருநாய்க் குட்டியையும் அப்படியே விற்கலாம் என்று புறப்படுகிறார்கள். வாங்க ஆளில்லை.

திரையில் நாய் வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால் தமிழ்ப்படம் மலையேறுகிறது. குளிரும் புகைபோக்கி வைத்த வீடும் உள்ள நீலகிரியில்தான், நாய் கட்டிலருகே படுப்பதைத் தமிழ்ப் பார்வையாளர் இயல்பாக ஏற்பர் என்று இயக்குநர்கள் கருதினர் போலும். பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' (1982) அதன் தலைசிறந்த எடுத்துக்காட்டு. விபத்தில் நினைவிழந்து குழந்தையாகிப்போன விஜியும், அவளைக் கேத்திக்கு அழைத்துவந்து பேணும் பள்ளி ஆசிரியர் சீனுவும், சுப்பிரமணி என்று பெயரிடப்பட்ட நாய்க்குட்டியும் சேர்ந்து ஒரு குடும்பமாகிறார்கள். மனிதப் பெயரை நாய்க்கு வைத்ததிலேயே அவ்வீட்டில் அதற்குள்ள தகுதி தெரிந்துவிடுகிறது. நினைவு திரும்பிய விஜி சீனுவை அடையாளம் காணாமல் இரயிலேறிப் போகும் முடிவை நினைத்தால், டிசம்பர் மாதத்துக் குடும்பப் படங்களின் இன்முடிவு விதியை இப்படம் எவ்வளவு கொடுமையாக மீறியது என்பது விளங்கும்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த விதிக்கு முழுதும் கட்டுப்பட்ட படமொன்று அதே மலையில் உருவாயிற்று. சரோவ் சண்முகம் இயக்கி, சூர்யா, ஜோதிகா ஆகியோரின் 2டி நிறுவனம் தயாரித்து, 2022 ஏப்ரல் 21 அன்று அமேசான் பிரைம் தளத்தில் நேரடியாக வெளியான 'ஓ மை டாக்' ஊட்டியில் நடக்கும் கதை. நாய்க் கண்காட்சிகளில் வெல்வதொன்றே குறியான செல்வர் ஒருவர், பார்வையற்றுப் பிறந்த சைபீரியன் ஹஸ்கி குட்டியை ஒழிக்கச் சொல்ல, அர்ஜுன் என்னும் சிறுவன் அதை எடுத்து சிம்பா என்று பெயரிட்டு வளர்க்கிறான். விஜயகுமார், அவர் மகன் அருண் விஜய், பேரன் ஆர்ணவ் விஜய் ஆகிய மூன்று தலைமுறையினர் தாத்தா, தந்தை, மகனாகவே நடித்திருப்பது ஹெப்வொர்த் குடும்பத்தின் பழைய வழக்கத்தை நினைவூட்டுகிறது. கிறிஸ்துமஸ் இல்லை என்பதைத் தவிர மேலைநாட்டு வகையின் உறுப்புகள் எல்லாம் இதில் உள்ளன. திருநாளின் இடத்தை நாய்ப் போட்டி பிடித்துக்கொண்டது. அதுவும் ஊட்டிக்குப் பொருத்தமானதே. கோடை விழாக் காலத்தில் தென்னிந்திய கென்னல் சங்கத்தினர் அங்கே ஆண்டுதோறும் நடத்தும் கண்காட்சி, ஆங்கிலேயர் விட்டுச்சென்ற வழக்கங்களுள் இன்றும் மங்காத ஒன்று. ஆயினும் இனத்தூய்மைக்குப் பரிசளிக்கும் களத்திலேயே அதற்கு எதிரான கதைக்கும் வெற்றி தேட வேண்டியிருப்பது படத்தின் தளர்ச்சி. ஊனமுள்ள நாய் போட்டியில் வெல்லாவிட்டாலும் அன்புக்குரியதுதானே என்ற கேள்வியைப் படம் எழுப்பத் துணியவில்லை.

அந்தத் துணிவு நாட்டுநாய்களைப் பற்றிய படங்களில் உண்டு. 2011இல் வந்த இந்திப்படம் 'சில்லர் பார்ட்டி', குடியிருப்புச் சிறுவர்கள் பிடு என்னும் தெருநாய்க்காக ஓர் அமைச்சரையே எதிர்ப்பதைக் காட்டித் தேசிய விருது பெற்றது. அந்நாயை முதலில் நேசித்தவன் கார் துடைக்கும் ஏழைச் சிறுவன் என்பதையும் அது மறக்கவில்லை. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) குழந்தைகளுக்கான படம் அன்று. எனினும் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்லப்படும் கருப்பி என்னும் வேட்டைநாயைப் பார்த்தபின், தமிழ்த் திரையில் நாயை வெறும் செல்லமாகக் காட்டுவது கடினமாகிவிட்டது. யாருடைய நாய் என்பதைப் பொறுத்தே அதன் விதி என்பதை அப்படம் சாதியின் பெயரால் சொன்னது.

இவற்றையெல்லாம் நீலகிரியின் தேயிலைத் தோட்டப் பகுதியான சேரங்கோட்டிலிருந்து பார்க்கும்போது படங்களில் இல்லாத சில செய்திகள் புலப்படுகின்றன. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத்திலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியதாயிற்று. அவ்வாறு வந்தோருக்கு வேலையளிக்கவென 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே பின்னர் டான்டீ என்னும் கழகமாயிற்று. சேரங்கோடு, சேரம்பாடி, நெல்லியாளம் பகுதிகளின் லயங்களில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், குடியேறியவர்கள் அவர்களே. மலையகத்தில் காம்பரா எனப்படும் ஒற்றை அறைக்கு முன்னே இஸ்தோப்பு என்ற சிறு திண்ணைப் பகுதி இருக்கும். நாய்க்குரிய இடம் அதுதான். ஒற்றை அறையில் ஒரு குடும்பம் படுக்கும்போது நாயை உள்ளே விடாமையை அன்பின்மை என்று எவரும் சொல்ல முடியாது.

மேலும் சேரங்கோடு அடங்கிய பந்தலூர் வட்டத்தில் நாய்க்கு ஒரு வேலை இருக்கிறது. காடும் தேயிலையும் கைகோத்துக் கிடக்கும் இப்பகுதியில் யானையோ சிறுத்தையோ லயத்துப் பக்கம் வந்தால் முதலில் குரல் கொடுப்பது நாய். சிறுத்தை தேடி வரும் எளிய இரையும் அதே நாய். ஊட்டி வீட்டுக் கணப்பருகே உறங்கும் ஹஸ்கிக்கு இல்லாத ஆபத்து இது; நாயை இழந்த காலை என்பது இங்குள்ள பிள்ளைகளுக்குக் கதையில் வரும் நிகழ்ச்சி அன்று. டிசம்பர் இரவில் பெட்டியும் கிதாருமாக லயம் லயமாக வரும் கேரல் குழுவினரை இதே நாய்கள்தான் முதலில் வரவேற்கின்றன என்பதையும், அவ்வரவேற்பு பல நேரம் பாட்டின் சுருதியைக் குலைத்துவிடுகிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். பிள்ளையார் கோயிலும் மாதா கெபியும் பள்ளிவாசலும் ஒரே சாலையில் இருக்கும் தோட்டங்களில் தீபாவளி, கிறிஸ்துமஸ், பக்ரீத் மூன்றும் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் உரியவை.

ஆகவே குழந்தையும் நாயும் கொண்ட ஒரு கிறிஸ்துமஸ் படத்தைத் தமிழில் எடுக்க இந்த மண்ணைவிடப் பொருத்தமான களம் அரிது. அதை எடுப்பவர் தீர்க்க வேண்டிய சிக்கலும் அதே அளவுக்குப் பெரியது. மேலைநாட்டுப் படத்தில் கதவைத் திறந்து நாயை உள்ளே அழைத்தால் கதை முடிந்தது. இங்கே நாய் காம்பராவுக்குள் படுத்தால் லயத்துக்குக் காவல் இல்லை. இஸ்தோப்பில் படுத்தால் விடியற்காலையில் அது இருக்குமா என்று சொல்வதற்கில்லை. சிறுவன் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இரவாகக் கிறிஸ்துமஸ் இரவு அமையுமானால், 'கிடா' படத்தின் தாத்தாவுக்கு நேர்ந்த இக்கட்டுக்கு நிகரான ஒன்று தோட்டத்துப் பிள்ளைக்கும் கிடைக்கும். அதற்குப் பனியோ பரிசுப்பெட்டியோ வேண்டாம், பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தின் காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போகுமுன் தாய் எழுந்து அடுப்பு மூட்டும் நேரம் வரை நீளும் ஓர் இருட்டு போதும்.

படப்பிடிப்பில் சட்டத்தின் பங்கும் உண்டு. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2001இல் வந்த நடிக்கும் பிராணிகள் பதிவு விதிகளின்படி, எந்தப் பிராணியைத் திரையில் காட்டுவதற்கும் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். தேவர் காலத்துத் தாராளம் இனி இல்லை. நாயை நடிக்க வைக்க உரிய மருத்துவச் சான்றுகளோடு விண்ணப்பித்தால் போதும். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கிக் காட்சிக்கு வைப்பதை 1998ஆம் ஆண்டின் அரசு அறிவிக்கை தடுத்துவிட்டதால், லயத்துக்கு வரும் சிறுத்தையைக் கணினியில்தான் ஆக்க வேண்டும். சிறு முதலீட்டுப் படத்துக்கு அது கட்டுபடியாகாது என்றால், சிறுத்தையைக் காட்டாமல் நாயின் குரைப்பைக் கொண்டே அதை உணர்த்தும் வழி இயக்குநருக்கு இருக்கவே இருக்கிறது. சேரங்கோட்டு மக்களும் பெரும்பாலான இரவுகளில் அதை அப்படித்தான் அறிகிறார்கள்.